வாத்தியார் வயர்

ஒரு சின்னப் பரீட்சை. இரண்டு கட்டைவிரல்களையும் முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கையில் ஒரு ரேடியோ கன்ட்ரோல் பெட்டி இருக்கிறது. தென்னை மர உயரத்தில் உங்கள் குட்டி விமானம் பறந்துகொண்டிருக்கிறது. அது உங்களைவிட்டு விலகிப் போகும்போது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால், விமானமும் வலப்பக்கம் சாய்கிறது. ரொம்ப சுலபம். இப்போது அதே விமானம் திரும்பி உங்களை நோக்கி வருகிறது. அதே மாதிரி வலப்பக்கம் தள்ளுங்கள். என்ன ஆகும்?

உங்களுக்கு இடப்பக்கம் போகும்!

எதிரே நிற்கிற மனிதரின் வலது கை நமக்கு இடது பக்கம் இருக்கிறதல்லவா, அதே கணக்குதான். மூளைக்கு இது ஒரு நொடியில் புரிந்துவிடும். விரலுக்குப் புரிய வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில்தான் விமானங்கள் விழுகின்றன. ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து, பால்சா கட்டையைச் சீவி, ஒட்டி, தாள் போர்த்தி, பெயின்ட் அடித்து மூன்று மாதத்தில் செய்த விமானம் மூன்றே செகண்டில்... டமால்!

இந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தாக வந்ததுதான் ரேடியோ கன்ட்ரோல் சிமுலேட்டர். கம்ப்யூட்டர் திரையில் ஒரு விமானம். விழுந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், மறுபடி முழுசாக நிற்கும். காசு செலவில்லை, கண்ணீர் இல்லை.

ஆனால் ஒரு விஷயம். சிமுலேட்டர் பாடம் நடத்துவது உங்கள் மூளைக்கு அல்ல, விரலுக்கு. அப்படியென்றால் விரலில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கீபோர்டா? ஜாய்ஸ்டிக்கா? வீடியோ கேம் ஆடுகிற கன்ட்ரோலரா? அல்லது மைதானத்துக்கு எடுத்துப்போகும் அதே ரேடியோ பெட்டியா? பழைய சிமுலேட்டர் ஒன்றை இன்றைக்கு எடுத்து ஓட்டப் பார்க்கிற யாரும் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். சாஃப்ட்வேர் திறக்கும். விமானம் தெரியும். கையில் இருக்கும் கன்ட்ரோலரை மட்டும் அது சீண்டவே சீண்டாது.

ஏன்? பதில் சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும். எவ்வளவு பின்னால்? ஒரு ஆர்மோனியப் பெட்டி வரைக்கும்.

அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தில் பிங்ஹாம்டன் என்று ஓர் ஊர். அங்கே பியானோவும் ஆர்கனும் தயாரிக்கிற கம்பெனி ஒன்றை நடத்திவந்த குடும்பத்துப் பிள்ளை, எட்வின் லிங்க். 1920ல் ஐம்பது டாலர் கட்டி விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். வாத்தியார் லேசுப்பட்ட ஆள் இல்லை. சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளின்! பையனை ஏற்றிக்கொண்டு குட்டிக்கரணமெல்லாம் அடித்துக் காட்டினார். ஆனால், கன்ட்ரோலைத் தொடவே விடவில்லை.

ஐம்பது டாலர் என்பது அந்தக் காலத்தில் பெரிய பணம். கொடுத்தும் ஸ்டிக்கைத் தொட முடியவில்லை. அந்த ஏக்கமோ என்னவோ, சில வருடங்கள் கழித்து அப்பாவின் தொழிற்சாலையில் உட்கார்ந்து லிங்க் ஒரு பெட்டி செய்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை அடியில் வைத்தார். ஸ்டிக்கை அசைத்தால் துருத்திகள் ஏறி இறங்கும், பெட்டி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாயும். தரையில் இருந்துகொண்டே பறக்கலாம்! 1929 வாக்கில் தயாரான இந்தப் பெட்டியை ராணுவம் கண்டுகொள்ளவில்லை. லிங்க் அசரவில்லை. காசு போட்டால் ஆடுகிற பொம்மையாகப் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு விற்றார்.

1934 பிப்ரவரியில் அமெரிக்க அரசு, தபால் விமானச் சேவையைத் தனியாரிடமிருந்து பிடுங்கி ராணுவத்திடம் கொடுத்தது. குளிர், பனிமூட்டம். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழக்கமில்லாத ராணுவ விமானிகள் வரிசையாகச் செத்து விழுந்தார்கள். சில வாரங்களில் ஏறக்குறைய ஒரு டஜன் பேர். அப்போதுதான் பூங்காவில் ஆடிய பொம்மை ராணுவத்தின் கண்ணில் பட்டது. ஒன்று 3,500 டாலர் என்று ஆறு பெட்டி வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் நேச நாடுகளில் அந்த நீலப்பெட்டியில் உட்கார்ந்து பழகியவர்கள் ஐந்து லட்சம் பேருக்கு மேல்.

சிமுலேட்டர் என்ற தொழிலின் முதல் பாடம் இங்கேயே எழுதப்பட்டுவிட்டது. நிஜத்தில் எதைப் பிடிப்பாயோ, அதையே பயிற்சியிலும் பிடி. லிங்க் பெட்டியில் இருந்தது நிஜ விமானத்தில் இருப்பது போன்ற ஸ்டிக். அதனால்தான் அது ஜெயித்தது.

சரி, லிங்க்கின் மாணவன் விமானத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கிறான். நம்ம ஆள் தரையில் நிற்கிறார். அவர் கைக்கு ஸ்டிக் எப்படி வந்தது? அது தனிக் கதை.

1898ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ஒரு தொட்டித் தண்ணீரில் குட்டிப் படகை மிதக்கவிட்டு, கம்பி எதுவும் இல்லாமல் தூரத்திலிருந்து திருப்பிக் காட்டினார். கூட்டம் வாயைப் பிளந்தது. ஆகாயத்துக்கு அந்த வித்தை வர, 1937 ஆகிவிட்டது. மிச்சிகன் மாகாணத்தில் கலமசூ என்கிற ஊரைச் சேர்ந்த இரட்டையர்கள், வால்டர் குட், வில்லியம் குட். இவர்கள் ரேடியோவால் பறக்கவிட்ட விமானத்தின் பெயர் 'கஃப்'. 1960ல் அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்து ரேடியோ பெட்டிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஸ்டிக்காவது ஒன்றாவது! பல பெட்டிகளில் இருந்தது ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் வால் ஒரு பக்கம் திரும்பும். விட்டால் நேராகும். மறுபடி அமுக்கினால் அடுத்த பக்கம். விமானத்துக்குள்ளே முறுக்கிவைத்த ரப்பர் பேண்ட்தான் வாலைத் திருப்புகிற மோட்டார். கடைசியாக அமுக்கியது இடமா வலமா என்று ஞாபகம் இல்லையென்றால் போச்சு. ஓட்டுகிறவர் விமானி இல்லை, கணக்குப்பிள்ளை!

பிறகு ரீட் வந்தது. ஆர்மோனியத்துக்குள் இருக்குமே, அதே மாதிரி உலோக நாக்குகள். தரையிலிருந்து ஒவ்வொரு சுருதியாக அனுப்பினால், அந்தச் சுருதிக்கு உரிய நாக்கு மட்டும் அதிரும், அதற்குரிய மோட்டார் ஓடும். லிங்க் ஆர்கனின் துருத்தியை எடுத்துக்கொண்டார், இவர்கள் நாக்கை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே வாத்தியக் கடையில் திருடியவர்கள்தான். ரீட் பெட்டியில் பட்டனுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டி நெம்புகோல்கள். ஆனாலும் முழுசாகத் திரும்பு, அல்லது சும்மா இரு. நடுவில் 'கொஞ்சம்' என்ற பேச்சே இல்லை.

இதற்கு நடுவே போர் ஒரு வேலை செய்திருந்தது. ஜெர்மானியர்கள் ஹென்ஷல் ஹெச்.எஸ். 293 என்று ஒரு பறக்கும் குண்டு செய்தார்கள். குண்டைப் போட்ட விமானத்திலேயே ஒருவர் உட்கார்ந்து, குண்டின் வாலில் எரிகிற தீப்பொறியைப் பார்த்துக்கொண்டே, கையிலிருக்கும் சின்ன ஸ்டிக்கால் ரேடியோ மூலம் அதை ஓட்டுவார். 1943 ஆகஸ்ட் 27ம் தேதி, பிஸ்கே வளைகுடாவில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'எக்ரெட்' இப்படித்தான் மூழ்கடிக்கப்பட்டது. அடுத்த மாதம் 9ம் தேதி, 'ஃப்ரிட்ஸ் எக்ஸ்' என்ற இன்னொரு ரேடியோ குண்டு, இத்தாலியின் பிரம்மாண்டமான போர்க்கப்பல் 'ரோமா'வைப் பிளந்தது. 1,300 பேருக்கு மேல் செத்தார்கள்.

ஒரு சின்ன ஸ்டிக். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்ப வரும்.

1960களின் தொடக்கத்தில் டக் ஸ்ப்ரெங், டான் மாதர்ஸ் என்று இரண்டு அமெரிக்கர்கள் பொழுதுபோக்கு ரேடியோவின் தலையெழுத்தையே மாற்றினார்கள். விஷயம் இதுதான். ஸ்டிக்கின் நிலையை ஒரு துடிப்பின் நீளமாக அனுப்பு. நடுவில் இருந்தால் ஒன்றரை மில்லி செகண்ட். ஒரு கோடியில் ஒரு மில்லி செகண்ட், மறுகோடியில் இரண்டு. நாலு ஸ்டிக் அசைவுக்கு நாலு துடிப்பு, ஒன்றன்பின் ஒன்றாக. முடிந்ததும் ஒரு சின்ன மௌனம். மறுபடி முதலிலிருந்து. செகண்டுக்கு சுமார் ஐம்பது தடவை. இப்போது விரல் கொஞ்சம் அசைந்தால் விமானமும் கொஞ்சம் அசையும். இதற்கு பி.பி.எம். என்று பெயர். துடிப்பு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த ரேடியோக்களை நன்றாகச் செய்து நன்றாக விற்றவர்களில் ஒருவர் ஃபில் கிராஃப்ட். கலிஃபோர்னியாக்காரர். விற்றதோடு நிற்காமல் 1967ல் கார்சிகா தீவில் நடந்த உலகப் போட்டியில் பறக்கவிட்டு சாம்பியனாகவும் ஆனார்.

ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் காலத்து ரேடியோக்களின் மிகப் பெரிய சாதனை முன்பக்கத்து ஸ்டிக் இல்லை. பின்பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஓட்டை.

புது ஆள் ஒருவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? அவர் கையில் ரேடியோவைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால், தப்பு செய்யும்போது பிடுங்குவதற்குள் விமானம் தரையில் இருக்கும். அதற்குத்தான் இந்த ஓட்டை. வாத்தியார் ரேடியோவையும் மாணவன் ரேடியோவையும் ஒரு வயரால் இணைத்தார்கள். வாத்தியார் ஒரு ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை மாணவனின் விரல்தான் விமானத்தை ஓட்டும். ஆபத்து என்றால் வாத்தியார் ஸ்விட்சை விட்டால் போதும். அந்த நொடியே விமானம் அவர் கைக்கு வந்துவிடும்.

அந்த வயரில் ஓடுவது என்ன? அதே துடிப்பு வரிசை. மாணவனின் நாலு விரலசைவும் அப்படியே, யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி, பூட்டு சாவி எதுவும் இல்லாமல்.

சைக்கிள் பழகும்போது அப்பா பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாரே, அந்தக் கைதான் இந்த வயர். வாத்தியார் வயர் என்றே கூப்பிடலாம். யாரும் கம்ப்யூட்டரை மனதில் வைத்து இதைச் செய்யவில்லை. ஆனால் பிற்காலத்தில் கம்ப்யூட்டர் உள்ளே நுழைந்த வாசல் இதுதான்.

கம்ப்யூட்டர் பக்கம் போவோம். 1981ல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை விட்டபோது, கூடவே கேம் போர்ட் என்று பதினைந்து ஊசி சாக்கெட் ஒன்றையும் விற்றது. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அசைவு. மொத்தம் நாலு. தெய்வாதீனம் பாருங்கள், மாடல் விமானத்துக்கும் சரியாக நாலு அசைவுதான் வேண்டும். வேகம், சுக்கான், மூக்கு மேலே கீழே, இறக்கை சாய்வு.

இந்த கேம் போர்ட் வேலை செய்த விதம் நம் ஊர்க் குழாயடி மாதிரி. ஜாய்ஸ்டிக் என்பது குழாய்த் திருகு. உள்ளே ஒரு கெப்பாசிட்டர், அதுதான் குடம். திருகை நிறையத் திறந்தால் குடம் சீக்கிரம் நிரம்பும், கொஞ்சமாகத் திறந்தால் மெதுவாக. கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணும். நிரம்பும்போது எத்தனை எண்ணியதோ, அதுதான் ஸ்டிக்கின் நிலை. இதில் ஒரு கோளாறு. புதுக் கம்ப்யூட்டர் வேகமாக எண்ணும்! நேற்று ஐம்பது என்றால் நடு. இன்று இருநூறு என்றால்தான் நடு. அதனால்தான் அந்தக் காலத்து விளையாட்டுகள் எடுத்தவுடனே 'ஸ்டிக்கை ஒரு மூலைக்குத் தள்ளு, மறு மூலைக்குத் தள்ளு, நடுவில் விடு' என்று உயிரை வாங்கின.

1982ல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. ஜாய்ஸ்டிக்குக்கு கிராக்கி ஏறியது. 1980களில் ஜாய்ஸ்டிக் விற்ற கம்பெனிகளில் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? கிராஃப்ட். ஆமாம், ரேடியோ விமான உலக சாம்பியன் தொடங்கிய அதே கிராஃப்ட் சிஸ்டம்ஸ்! ஸ்பிரிங்கை விடுவித்துவிட்டு, தள்ளிய இடத்திலேயே ஸ்டிக் நிற்கிற மாதிரியும் அதை மாற்றிக்கொள்ளலாம். மாடல் விமானக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். ஏனென்றால் ரேடியோவில் வேகத்துக்கான ஸ்டிக் நடுவுக்குத் திரும்பக் கூடாது. வைத்த இடத்தில் நிற்கவேண்டும்.

இங்கேதான் நம் கதை சூடு பிடிக்கிறது.

1990களின் பிற்பகுதியில் கம்ப்யூட்டரின் படம் காட்டும் திறமை வளர்ந்து, நம்பும்படியான ரேடியோ விமான சிமுலேட்டர்கள் வரத் தொடங்கின. அமெரிக்காவில் நைஃப் எட்ஜ் கம்பெனியின் 'ரியல்ஃப்ளைட்'. ஜெர்மனியில் இகாரஸின் 'ஏரோஃப்ளை'. பின்னால் பிரிட்டனிலிருந்து 'ஃபீனிக்ஸ்'. இவையெல்லாம் காசு கொடுத்து வாங்குபவை. இன்னொரு பக்கம், ஜெர்மனியிலிருந்தே ஓர் இலவச சிமுலேட்டர், 'எஃப்.எம்.எஸ்.' படம் சுமார்தான். ஆனால் சும்மா கிடைத்தது.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுவாரஸ்யமானது. சி.டி.யைக் காப்பியடிப்பது இரண்டு நிமிட வேலை. ஒருவர் வாங்கினால் ஊரே ஓட்டும். இதை எப்படித் தடுப்பது? காசு கேட்ட கம்பெனிகள் பூட்டை சி.டி.யில் வைக்கவில்லை. வயரில் வைத்தன! ஃபீனிக்ஸ் வாங்கினால் ஒரு யு.எஸ்.பி. வயர் தருவார்கள். அந்த வயர் செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் ஓடும். ரியல்ஃப்ளைட் வாங்கினால் 'இன்டர்லிங்க்' என்று ரேடியோ மாதிரியே ஒரு கன்ட்ரோலர். அது இல்லாவிட்டால் கதவு திறக்காது. அதன் பின்பக்கத்தில் உங்கள் சொந்த ரேடியோவைச் செருகவும் ஒரு சாக்கெட் உண்டு. எதன் வழியாக? அதே வாத்தியார் வயர்தான்.

தப்பு என்று சொல்லமுடியாது. உழைத்தவன் காசு கேட்கிறான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கையையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற வயருக்கு இதுவரை ஒரே வேலை, சேதி சொல்வது. இப்போது இரண்டாவது வேலையும் வந்துவிட்டது. வாட்ச்மேன் வேலை.

இலவச எஃப்.எம்.எஸ். பக்கம் வாட்ச்மேனே கிடையாது. யார் எதைக் கொண்டுவந்தாலும் சரி. பொழுதுபோக்கு எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் புகுந்து விளையாடினார்கள். ரேடியோவின் பின் ஓட்டையிலிருந்து வயரை இழுத்து, நடுவில் ஒரு சின்னச் சிப்பை வைத்து, கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில் செருகினார்கள். பிரிண்டர் போர்ட்டில் செருகினார்கள். அதுவும் இல்லையா, நடுவில் ஒரு ரெசிஸ்டரை வைத்து மைக் செருகும் ஓட்டையிலேயே விட்டார்கள்! சவுண்ட் கார்டு செகண்டுக்கு 44,100 தடவை ஒலியை அளக்கிறது. அதாவது ஒரு மில்லி செகண்டில் 44 தடவை. துடிப்பின் நீளத்தை அளக்க அது போதாதா? கம்ப்யூட்டர் பாட்டு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். உண்மையில் அது ஒருவரின் விரலசைவு.

மறுபடி சங்கீதம். துருத்தி, ரீட், இப்போது மைக். இந்தக் கதையை சங்கீதம் விடுவதாக இல்லை.

2007ல் ஓர் இடி. விண்டோஸ் விஸ்டா வந்தது. கேம் போர்ட்டுக்கு இனி ஆதரவு கிடையாது என்று கதவைச் சாத்தியது. அந்தப் பதினைந்து ஊசி சாக்கெட்டை நம்பி வாங்கிய ஜாய்ஸ்டிக்கும், ரேடியோ இணைப்புப் பெட்டிகளும் புதுக் கம்ப்யூட்டரில் ஒரே நாளில் பழைய இரும்புக்குப் போகவேண்டியவை ஆயின. அவை கெட்டுப்போகவில்லை. ஸ்டிக் அசைந்தது, ஸ்பிரிங் இழுத்தது. கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. எஃப்.எம்.எஸ்.ஸும் அதே விஸ்டாவில் தடுக்கி விழுந்தது. முப்பரிமாணப் படம் காட்ட அது நம்பியிருந்த டைரக்ட்3டி-யின் பழைய பகுதி ஒன்றை விண்டோஸிலிருந்து கழற்றிவிட்டார்கள். அந்த ஒரு ஃபைலைத் தேடிப்பிடித்து ஃபோல்டருக்குள் போட்ட பிறகுதான் அது எழுந்து உட்கார்ந்தது.

அதற்குள் யு.எஸ்.பி. எங்கும் பரவிவிட்டது. யு.எஸ்.பி.யின் அழகு என்னவென்றால், செருகியவுடன் கன்ட்ரோலர் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ளும். "வணக்கம், நான் ஜாய்ஸ்டிக். எனக்கு நாலு அசைவு, ஆறு பட்டன்." கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். குடமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? அங்கேதான் பழைய சாஃப்ட்வேரின் பிடிவாதம் வருகிறது. அதன் மனதில் இருப்பது 1990களின் ஜாய்ஸ்டிக். அந்தக் கன்ட்ரோலர்தான் உலகத்திலேயே உண்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறது. நீங்கள் புது கன்ட்ரோலரைக் கொடுக்கும்போது என்னென்ன நடக்கும் என்று பாருங்கள்.

முதலாவது, வரிசைக் குழப்பம். ஃபுட்டாபா ரேடியோ துடிப்புகளை அனுப்பும் வரிசை வேறு, ஜே.ஆர். ரேடியோவின் வரிசை வேறு. ஒருவர் இறக்கை சாய்வை முதலில் சொல்வார், இன்னொருவர் வேகத்தை முதலில் சொல்வார். சாஃப்ட்வேர் ஒன்றை எதிர்பார்த்து, நீங்கள் மற்றதைச் செருகினால், விமானத்தை வலப்பக்கம் சாய்க்க ஸ்டிக்கைத் தள்ளும்போது என்ஜின் உறுமும். நொந்துபோய்ச் சாஃப்ட்வேரைத் தூக்கிப்போடாதீர்கள். எந்த அசைவு எதற்கு என்று மாற்றிக்கொள்ள அநேகமாக எல்லா சிமுலேட்டரிலும் ஒரு பக்கம் உண்டு. திசை தலைகீழாக இருந்தாலும் சிமுலேட்டரில்தான் மாற்றவேண்டும். உங்கள் நிஜ விமானத்துக்கான செட்டிங்கில் கைவைத்தால், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அழவேண்டியிருக்கும். ரேடியோவில் சிமுலேட்டருக்கென்றே ஒரு வெற்று மாடலைத் திறந்து வைத்துக்கொள்வது உத்தமம்.

இரண்டாவது, வேக ஸ்டிக். வீடியோ கேம் கன்ட்ரோலரில் இரண்டு குட்டி ஸ்டிக்கும் விட்டால் நடுவுக்கு வந்துவிடும். விரலை எடுத்தால் என்ஜின் பாதி வேகத்தில் நிற்கும். இறங்கவே முடியாது. அதில் ஓட்டலாமா என்றால் ஓட்டலாம், திசை பழகும். விரல் பழகாது. ஸ்டிக் நகரும் தூரம் குறைவு. அதில் கற்ற அளவு, மைதானத்தில் செல்லாக் காசு.

மூன்றாவது, 2005ல் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் வந்தபோது மைக்ரோசாஃப்ட் கன்ட்ரோலர்களுக்குப் புது பாஷை ஒன்றையும் கொண்டுவந்தது. பழைய சாஃப்ட்வேருக்கு அந்தப் பாஷை தெரியாது. பழைய பாஷையில் கேட்டால், அதன் இரண்டு விசைகளும் ஒட்டிப்பிறந்த இரட்டையர் மாதிரி ஒரே அசைவாகத் தெரியும். ஒன்றை அமுக்கினால் கூடும், மற்றதை அமுக்கினால் குறையும், இரண்டையும் அமுக்கினால் ஒன்றுமே நடக்காது!

இதற்கெல்லாம் மாற்றாக ஆர்வலர்கள் எழுதியவைதான் பொய் ஜாய்ஸ்டிக் டிரைவர்கள். நடுவில் ஒரு துபாஷி. ஒரு பக்கம் எந்த கன்ட்ரோலர் வந்தாலும் வாங்கிக்கொண்டு, பழைய சாஃப்ட்வேரிடம் "இதோ நீ கேட்ட பழைய ஜாய்ஸ்டிக்" என்று சத்தியம் பண்ணும். பழசும் நம்பிவிடும்.

சரி, பூட்டுப் போட்ட வயர்களின் கதி?

2018 ஜனவரியில், ரியல்ஃப்ளைட்டை விற்றுவந்த ஹாபிகோ கம்பெனி திவால் மனு கொடுத்தது. சில மாதங்களில் ரியல்ஃப்ளைட், ஹொரைசன் ஹாபி என்ற கம்பெனியின் கைக்கு வந்தது. ஏற்கெனவே ஃபீனிக்ஸை விற்றுக்கொண்டிருந்ததும் அதே ஹொரைசன்தான். ஒரே வீட்டில் இரண்டு சிமுலேட்டர். ஒன்று போதாதா? ஃபீனிக்ஸ் நிறுத்தப்பட்டது. இது கணக்குப் புத்தகத்துக்கு நியாயம். ஆனால் முறையாகக் காசு கொடுத்து ஃபீனிக்ஸ் வாங்கியவரின் பூட்டுவயர் அறுந்துபோனால்? கம்பெனியில் புது வயர் கிடைக்காது. சி.டி. இருக்கிறது, ரசீது இருக்கிறது, விமானம் இல்லை.

காலிக் கடையில் யாராவது கடை விரிப்பார்கள் அல்லவா? சீனாவிலிருந்து மலிவு வயர்கள் வந்தன. அதில் ஒரு குட்டி ஸ்விட்ச். ஒரு பக்கம் தள்ளினால் 'நான்தான் ஃபீனிக்ஸ் வயர்' என்று சொல்லும். இன்னொரு பக்கம் தள்ளினால் 'நான் ரியல்ஃப்ளைட்'. காப்பியடிக்கவே முடியாது என்று நம்பி வைத்த பூட்டு, கடைசியில் சாஃப்ட்வேரைப் போலவே காப்பியடிக்கப்பட்டுவிட்டது. சட்டப்படி இது சரியா என்றால், சரியென்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் காசு கொடுத்தவனுக்கு வேறு வழி வைத்தார்களா என்ற கேள்விக்கும் பதில் இல்லை. பின்னால் வந்த ரியல்ஃப்ளைட் பதிப்புகள் சாதாரண யு.எஸ்.பி. கன்ட்ரோலர்களையும் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தன. பூட்டு போட்டவர்களே அந்தப் பதிலுக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் பொம்மை விமானக்காரர்களின் சில்லறைப் பிரச்னை என்று நினைக்கிறீர்களா? நானும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்றுதான் பார்க்கிறேன். சரித்திரம் விடமாட்டேன் என்கிறது.

2022ல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. அந்தப் போரில் குட்டி ட்ரோன்கள் டாங்கிகளையும் மனிதர்களையும் வேட்டையாடத் தொடங்கின. கண்ணில் ஒரு திரை, கையில் ஒரு ரேடியோ. எந்த ரேடியோ? பொழுதுபோக்குக் கடையில் கிடைக்கும் அதே மாதிரி ரேடியோ. வெடிகுண்டு கட்டிய ட்ரோனை ஓட்டுவதற்கு முன்னால் வீரர்கள் மணிக்கணக்கில் பழகுவது எதில்? சிமுலேட்டரில். ரேடியோவை யு.எஸ்.பி. வயரால் லேப்டாப்பில் செருகி. விழுந்தால் ஒரு பட்டனைத் தட்டி, மறுபடி முதலிலிருந்து.

1943ல் பிஸ்கே வளைகுடாவில் ஒருவர் சின்ன ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஸ்டிக் பொம்மைக் கடை வழியாக, கம்ப்யூட்டர் மேஜை வழியாக, வீடியோ கேம் வழியாக ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது.

எண்பது வருடத்தில் பட்டன் போனது, ரீட் போனது, கேம் போர்ட் போனது, கம்பெனிகள் போயின. ஸ்டிக்கைப் பிடித்த விரலின் பழக்கம் மட்டும் போகவில்லை. 1970ல் பழகியவர் இன்று ஒரு புது ரேடியோவைக் கையில் வாங்கினாலும் கட்டைவிரல் தானாக இடம் தேடி உட்காரும். ஆகவே உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிமுலேட்டர் சி.டி. ஏதாவது கிடந்தால், அதோடு கூட வந்த வயரைக் கத்தரித்துப் போட்டுவிடாதீர்கள். சி.டி.யைவிட அதுதான் விலை உயர்ந்தது.

அந்த வயர் முதன்முதலில் எதற்காக வந்தது என்பதை மட்டும் இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். குண்டு போடுவதற்கும் அல்ல, பூட்டுப் போடுவதற்கும் அல்ல. மாணவன் தடுமாறினால் வாத்தியார் தாங்கிப் பிடிப்பதற்கு. உக்ரைன் வானத்தில் பறக்கிற ட்ரோனுக்குப் பின்னால் அப்படி ஒரு வாத்தியார் இல்லை. ஸ்விட்சை விட்டால் வாங்கிக்கொள்ள அங்கே யாரும் நிற்கவில்லை.